லிங்க் அண்ணன்

கோவை–திருச்சி சாலையில் பல்லடத்தைத் தாண்டி, பொங்கலூர்ப் பக்கம் ஒரு காற்றாலையின் அடியில் கறுப்புக் கார் ஒன்று நிற்கிறது. வாடகைக் கார், பொழுது சாய்வதற்குள் திருப்பி விட்டாக வேண்டும். பானட்டின் மேல் ஐந்நூறு ரூபாய்க் கட்டுகள் நான்கு. மேல் தாளும் அடித் தாளும் அசல். நடுவில் இருப்பது என்னவென்று கட்டியவருக்கே வெளிச்சம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு நோட்டு, வெள்ளைத்தாள் என்ற பேதமெல்லாம் கிடையாது என்பதால் கட்டுகளின் மேல் சாவிக்கொத்து பாரமாக உட்கார்ந்திருக்கிறது. எதிரே முக்காலியில் செல்போன்.

“வணக்கமுங் சொந்தங்களே! ஆறு மாசத்துக்கு முன்னாடி உங்க அண்ணன் தறிக்குடோன்ல பாவு பிணைச்சுட்டு இருந்தான். இப்பப் பாருங்...”

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையை மூன்று முறை கீழே காட்டுகிறார். அங்கே மண் இல்லை, டிஸ்கிரிப்ஷன் இருக்கிறது. அதில் லிங்க் இருக்கிறது.

இவர்தான் லிங்க் அண்ணன். ஊர் பெயர், வீட்டுப் பெயர் வேண்டாம். இவர் ஓர் ஆள் அல்ல, ஒரு ரகம். வயது இருபத்தைந்துக்கு முன்பின் இருக்கும். கேமராவுக்கு முன்னால் எல்லோருக்கும் அண்ணன், வீட்டில் யாருக்கோ தம்பி. பகலில் காணக் கிடைக்க மாட்டார். சாயங்காலம் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக, இரண்டு போனை மேசையில் கவிழ்த்து வைத்திருப்பவரைக் கண்டால் சந்தேகப்படலாம். மூன்று போன் என்றால் சந்தேகமே வேண்டாம்.

அவருடைய அகராதியில் சூதாட்டம் என்ற சொல் இல்லை. ‘எர்னிங் ஆப்’ உண்டு. பணயம் வைப்பதற்கு ‘டிரேடிங்’ என்று பெயர். சிவப்பா பச்சையா என்று குருட்டாம்போக்கில் சொல்வது ‘பிரடிக்சன்’. பணத்தைப் பறிகொடுத்தவர் வந்து அழுதால் அவருக்கு ‘மைண்ட்செட்’ சரியில்லை. தோல்வியும் கிடையாது, ‘லெவல்’தான் உண்டு.

இந்த லெவலைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சுற்று. நிறத்தைச் சரியாகச் சொன்னால் போட்டது ஏறக்குறைய இரட்டிப்பு. முதல் லெவல் 100 ரூபாய். போனால் 300. அதுவும் போனால் 900. அப்புறம் 2,700, 8,100. ஆறாவது லெவல் 24,300. “எப்படியும் ஏதாச்சும் ஒரு லெவல்ல அடிச்சுருமுங், பயப்படாதீங்” என்பது அண்ணன் வாக்கு. ஆறும் வரிசையாகப் போனால் மொத்தம் 36,400. அப்படியெல்லாம் ஆகுமா என்று கேட்கலாம். ஆட்டம் நாணயம் சுண்டுவது போல அப்பழுக்கில்லாமல் நடந்தால்கூட, ஆறு தோல்வி அடுத்தடுத்து வந்து விழச் சராசரியாக 126 சுற்று போதும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் இரண்டு மணி ஆறு நிமிடம். பல்லடத்தில் பஸ் ஏறி, காங்கேயம் தாண்டிக் கரூர் போய் இறங்குவதற்குள் காரியம் முடிந்துவிடும். அப்பழுக்கில்லாதவர்கள் தங்கள் ஆப்பை ஏன் பிளே ஸ்டோரில் வைக்காமல் டெலகிராமில் ஏபிகே கோப்பாக அனுப்புகிறார்கள் என்பது தனிக் கேள்வி.

இத்தனைக்கும் லிங்க் அண்ணன் ஆடுவதில்லை.

ஆச்சரியம்தான், ஆனால் உண்மை. திரையில் அவர் லட்ச லட்சமாக அள்ளுவது டெமோ கணக்கு. கம்பெனிக்காரன் ரொப்பிக் கொடுத்தது. தோற்றால் அவருக்கு வலிக்காது, ஜெயித்தால் வெளியே எடுக்கவும் முடியாது. சொந்தப் பணம் கூட்டுறவு வங்கியில் வைப்பு, அம்மா பெயரில் நகைச்சீட்டு, காரணம்பேட்டை பக்கம் மூன்று சென்ட் இடத்துக்கு அட்வான்ஸ் என்று மூத்த தலைமுறை மெச்சும்படி பத்திரமாக இருக்கிறது. ரிஸ்க் எடுக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர் தபால் ஆபீசில் ஆர்.டி. கட்டுகிறார்.

அவருக்கான கூலி இரண்டு வகையில் வரும். ஒன்று தலைக் கணக்கு: லிங்க் வழியாக ஓர் ஆள் வந்து முதல் பணம் போட்டால் இவ்வளவு. இன்னொன்று பங்குக் கணக்கு: அந்த ஆள் தோற்கிற பணத்தில் இத்தனை சதவீதம், அவர் ஆடும் காலம் வரைக்கும். உலகெங்கும் சூதாட்டத் தளங்கள் ஆள் பிடிப்பவர்களோடு போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும் கலந்தது. பங்குக் கணக்கில் சொந்தங்கள் ஜெயித்தால் அண்ணன் வீட்டு உலை கொதிக்காது. “உங்க வெற்றிதானுங் என் வெற்றி” என்று அவர் நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

பல்லடத்துக்காரருக்கு ஏற்ற இறக்கம் ஒன்றும் புதிதல்ல. கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலையை தினமும் அறிவிக்கும் குழு இந்த ஊரில்தான் இருக்கிறது. வெடியால எழுந்து பல் விளக்கும் முன்பே “இன்னைக்கு என்ன ரேட்டுங்?” என்று போனில் கேட்டுவிட்டு, பதிலைப் பொறுத்துக் காப்பிக்குச் சர்க்கரை போடுகிற குடும்பங்கள் உண்டு. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். கூலி உயர்வு கேட்டாலும் தறி நிற்கும். பொங்கலுக்குக் கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசு சேவக்கட்டுக்குக் கூட்டம் திரளும். ஜெயலலிதா அரசு 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தது. ‘மூணு நம்பர்’ சீட்டு மட்டும் துண்டுத்தாளில் இன்றுவரை கைமாறிக்கொண்டிருக்கிறது. பிற மாநில லாட்டரிகளில் கோலோச்சிய சாண்டியாகோ மார்ட்டினுக்கு ஊர் கோவை. 2024 மார்ச்சில் தேர்தல் பத்திரக் கணக்கு வெளியானபோது, 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கி நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது அவருடைய நிறுவனம்தான்.

ஆனாலும் பழைய சூதுக்கு ஒரு நேர்மை இருந்தது. சேவக்கட்டில் சேவலைக் கொண்டுவந்தவனும் தோற்பான்.

ஆசை காட்டி மோசம் செய்ததற்கும் இந்த வட்டாரத்தில் நல்ல பரம்பரை உண்டு. திருப்பூரின் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி என்றது. 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் அதன் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. பெருந்துறையில் ஈமு கோழி என்றார்கள். 2012-இல் முதலாளி ஓடிப்போக, பறவைகள் மட்டும் கொட்டகையில் தீனிக்குக் கழுத்தை நீட்டி நின்றன. 2024 ஜனவரியில் விளம்பர வீடியோ பார்த்தால் காசு என்ற மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மேல் போலீஸ் வழக்கு வந்தபோது, பணம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் நீலாம்பூரில் கூடினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க அல்ல, நிறுவனத்துக்கு ஆதரவாக. லிங்க் அண்ணன் வானத்திலிருந்து குதித்தவரல்ல. முன்னோர் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறார்.

சட்டம் என்ன செய்தது? நடந்தது, விழுந்தது, எழுந்து மறுபடி நடந்தது. 2020 நவம்பரில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டது. அதன்பின் வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைந்தது, 2022 அக்டோபரில் புதிய சட்டமுன்வடிவு நிறைவேறியது, ஆளுநர் ஆர்.என். ரவி மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றிய பிறகு ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தார். இதற்கிடையே பணத்தை இழந்து உயிரையும் விட்டவர்களின் செய்தி அடுத்தடுத்து வந்தபடி இருந்தது. அந்தச் சட்டப்படி சூதாட்டத்துக்கு விளம்பரம் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி அவற்றை மட்டும் வெளியே எடுத்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டமோ திறமை, அதிர்ஷ்டம் என்ற வழக்காடலையே ஓரங்கட்டி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு மொத்தத்துக்கும் பூட்டுப் போட்டது. விளம்பரத்துக்கு இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை.

இதைச் சொன்னால் அண்ணன் சூடாகிவிடுவார். “கோலி சொன்னா விளம்பரமுங், நாங்க சொன்னா கேசுங்ளா?” நியாயமான கேள்வி. ஆன்லைன் விளையாட்டு விளம்பரத்தில் நடித்ததற்காக 2020 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விராட் கோலி, கங்குலி உள்ளிட்டோருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதற்குப் பிறகும் 2023-இல் இந்தியக் கிரிக்கெட் அணியின் மார்பில் 358 கோடி ரூபாய்க்கு எழுதப்பட்ட பெயர் ட்ரீம்11. மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் அது உதிர்ந்தது. ஹைதராபாத்தில் 2025 மார்ச்சில் பெட்டிங் ஆப் விளம்பரத்துக்காக நடிகர்களும் யூடியூபர்களுமாக 25 பேர் மேல் ஒரே வழக்குப் பதிவானபோது, பெரிய மீனும் சின்ன மீனும் ஒரே வலையில் கிடந்ததைப் பார்த்து அண்ணனுக்கு உள்ளூரப் பெருமைதான். அங்கே அப்போது அரசு பஸ் கழக நிர்வாக இயக்குநராக இருந்த சஜ்ஜனார் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி, பஸ் வேலைக்கு நடுவே இப்படிப்பட்ட வீடியோக்களைத் தேடிப் பிடித்து வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நம் பக்கம் அப்படி ஒரு கண்டக்டர் இன்னும் விசில் ஊதவில்லை.

யூடியூப் மட்டும் சும்மா இருந்ததா என்றால் இல்லை. 2025 மார்ச் 19 முதல், கூகுளின் அங்கீகாரம் பெறாத சூதாட்டத் தளத்துக்கு வழிகாட்டக் கூடாது: லிங்க் கூடாது, லோகோ கூடாது, வாயால் பெயர் சொல்லவும் கூடாது. அண்ணன் ஒரே ராத்திரியில் பாடத்தில் தேறிவிட்டார். ஆப்பின் பெயர் வரும் இடத்தில் கோழி கூவும் ஓசை. காற்றாலை அடியில் படம் பிடித்த காலம் போல, லிங்க் இப்போது டிஸ்கிரிப்ஷனில் இல்லை. “பின் பண்ணுன கமெண்ட்டப் பாருங்” என்கிறார். கமெண்ட்டில் டெலகிராம் முகவரி, டெலகிராமில் லிங்க். தலைப்பு ‘சூதாட்டம் பற்றிய விழிப்புணர்வு’. பதினெட்டு வயது ஆனவர்களுக்கு மட்டும் என்ற எச்சரிக்கையை ஏலக்கடைக்காரர் வேகத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்.

தடை செய்யலாமா, பேச்சுரிமை என்னாவது என்று விவாதிப்பவர்கள் அண்ணனைப் பேச்சாளர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவர் பேச்சாளர் அல்ல, தரகர். போக்கர் ஆட்டத்தின் நுணுக்கத்தை விளக்குகிறவர், சூதில் கெட்டுப்போன தன் கதையைச் சொல்கிறவர், ஏமாற்று ஆப்பைப் பிரித்துக் காட்டுகிறவர், இவர்களும் சூதாட்டம் பற்றித்தான் பேசுகிறார்கள். அவர்களை யாரும் தொட வேண்டாம். பார்க்கிறவன் தோற்பதில் பங்கு வாங்குகிறவருக்கு மேடை எதற்கு? அவரை இறக்கத்தான் வேண்டும். இறக்கும் கை சுத்தமாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கூகுள் 2022 செப்டம்பரில் இந்திய ரம்மி ஆப்களுக்குப் பரீட்சார்த்தமாக பிளே ஸ்டோரில் இடம் கொடுத்தது. தன் அங்கீகாரம் பெறாத தளத்துக்குத்தான் இன்றும் அதன் தடை. சந்தையில் கடை போட வாடகைச் சீட்டு இருந்தால் சரி, என்ன விற்கிறார்கள் என்பது அப்புறம்.

தடை போட்டால் ஆள் ஓய்ந்துபோவாரா என்பதற்கு வெளிநாட்டில் ஒரு கதை. ட்விட்ச் தளத்தில் ஒரு பிரபலம், தன் சூதாட்டத்துக்காகச் சக ஆட்களிடமும் ரசிகர்களிடமும் பொய் சொல்லிப் பெருந்தொகை கைமாற்று வாங்கியது 2022 செப்டம்பரில் அம்பலமானது. அடுத்த மாதமே ட்விட்ச், ஸ்டேக் உள்ளிட்ட சில சூதாட்டத் தளங்களை ஒளிபரப்பத் தடை விதித்தது. டிசம்பரில் கிக் என்ற புதிய ஒளிபரப்புத் தளம் முளைத்தது. அதன் பின்னால் இருந்தவர்கள் யார்? ஸ்டேக்கைத் தொடங்கியவர்களேதான். சந்தையை விட்டு விரட்டப்பட்டவன் பக்கத்துக் காட்டை வாங்கி அவனே சந்தை போட்டான்.

அண்ணனுக்குக் காடு வாங்கும் வசதி இல்லை. அவருடைய அப்பாவுக்குக் கேத்தனூர்ப் பக்கம் தோட்டத்தில் ஒரு கோழிக் கொட்டகை இருக்கிறது. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட் பில், ராத்திரிக் கண் விழிப்பு இவருடையவை. நாற்பது நாள் சொச்சம் வளர்த்து எடை போட்டுக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. ஒருநாள் சூப்பர்வைசர் வந்து செத்த குஞ்சுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு போயிருந்தார். அப்பாவுக்கு மனசு சரியில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்துப் போனைத் தடவிக்கொண்டிருந்த மகனிடம் வந்து எட்டிப் பார்த்தார்.

“இதென்னடா சாமி, பச்சையும் செகப்புமா?”

“என் லிங்க்குல வந்தவிங்க பட்டியலுங்ப்பா. பச்சை, பணம் போட்டு ஆடிட்டு இருக்கறவிங்க.”

“செகப்பு?”

“ஒண்ணுமில்லாம நின்னு போனவிங்க.”

அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. இத்தனை வருடம் பார்த்த கணக்கு. “மார்ட்டாலிட்டி. சரி, எத்தன நாள்ல எடை வருது?”

“நாளெல்லாம் ஆகறதில்லீங்ப்பா. ரண்டு மணி நேரம்.”

அப்பா ஒன்றும் பேசவில்லை. கொட்டகைக்குள் போய்த் தீவனத் தொட்டிகளை ஒவ்வொன்றாக ஆட்டிவிட்டுக்கொண்டே வந்தவர், மூன்றாவது வரிசையில் நின்று திரும்பாமலே கேட்டார்.

“அந்தப் பட்டியல்ல நம்ம ஒறம்பரை ஆராச்சும் இருக்கறாங்களா?”

அண்ணன் திரையை மேலே தள்ளிக்கொண்டே இருந்தார்.