மழை பெய்யாத ஊர்

செங்கல், சிமெண்ட் எல்லாம் பழங்காலத்துத் தொல்லை. ஸ்கூடாயில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளையிடம் ஒரு மடிக்கணினியைக் கொடுங்கள். பொழுது சாய்வதற்குள் பேருந்து நிறுத்தம் தயார். ஸ்கெட்ச்அப் மென்பொருளில் சதுரம் போட்டு மேலே இழுத்தால் சுவர். இன்னும் இழுத்தால் கோபுரம். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு நிழல் எங்கே விழும் என்பதையும் அதுவே காட்டிவிடும். முக்கியமாக, உள்ளே மழை பெய்யாது. டிசம்பரில் சாரல் அடிக்குமே என்று கேட்பவர்கள் வேலை நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள் என்று அர்த்தம். இவர்களால் நாடு முன்னேறாது. கூரை மெலிந்தால் அழகு. தூணே இல்லாவிட்டால் கைதட்டல். புவியீர்ப்பு ஒருவேளை இறுதியாண்டுப் பாடமோ என்னவோ.

மரம், நாய், சைக்கிள், சிரித்தபடி நடக்கும் குடும்பம் என்று வேண்டியதை இணையத்திலிருந்து இறக்கி நிறுத்திக்கொள்ளலாம். பேருந்து வராவிட்டாலும் அவர்கள் முகம் சுளிப்பதில்லை.

இந்தக் கலையில் கரைகண்டவர்கள்தான் கெலாங் பாத்தா பக்கம் கடலைத் தூர்த்து ஃபாரஸ்ட் சிட்டியை எழுப்பினார்கள். 700,000 பேருக்கான திட்டம். அடுக்குமாடிகள் படத்தில் இருந்தபடியே வந்து நிற்கின்றன. ஆட்கள் மட்டும் இன்னும் பதிவிறக்கம் ஆகிக்கொண்டிருக்கிறார்கள்.