யாக்கோபின் கணக்கு வழக்கு

யாக்கோபு இன்றைக்கு உயிரோடிருந்தால் சேகரக் கமிட்டித் தேர்தலில் நிற்பார். ஜெயிக்கவும் செய்வார். தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்டால், எல்லாம் கர்த்தருடைய கிருபை என்று சொல்லிவிட்டு மாலைக்குக் கழுத்தை நீட்டுவார். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று ஜெபத்தில் மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மூன்றாவது ஆளின் ஃபைலை எத்தனை பேர் முழுசாகப் புரட்டியிருக்கிறோம்? ஆதியாகமம் 25-ல் ஆரம்பித்துப் படித்துக்கொண்டே போனால், நல்லவேளை இந்த மனுஷன் நம் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வரவில்லை என்றுதான் தோன்றும்.

ஈசாக்குக்கு 60 வயதில் இரட்டைப் பிள்ளைகள். மூத்தவர் ஏசா உடம்பெல்லாம் ரோமத்தோடு பிறந்தார். இளையவர் அண்ணன் குதிகாலைப் பிடித்துக்கொண்டே வந்தார். அப்பாவுக்கு வேட்டைக்கறி பிடிக்கும், ஆகவே ஏசாவைப் பிடிக்கும். அம்மா ரெபெக்காளுக்கு வீட்டோடு கிடக்கிற சின்னவர்மேல் உயிர். ஒருநாள் ஏசா வெளியே அலைந்துவிட்டுப் பசியோடு வந்து நிற்கிறார். அடுப்பில் பயற்றங்கூழ் கொதிக்கிறது. கூடப் பிறந்தவனுக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுப்பதுதான் முறை. யாக்கோபு விலை கேட்டார்: மூத்த மகன் என்கிற உரிமை. அதையும் வாய்ச்சொல்லாக வாங்கவில்லை, சத்தியம் பண்ணச் சொல்லி வாங்கினார். பத்திரப்பதிவு ஆபீஸ் மட்டும்தான் குறை. ஏசா சாப்பிட்டார், குடித்தார், எழுந்து போனார். உரிமையை அலட்சியம் பண்ணினார் என்று வேதம் அவரைத்தான் கடிந்துகொள்கிறது. நியாயம்தான். அதற்காகக் கூழை விற்றவருக்கு அங்கே யாரும் பாராட்டுப் பத்திரம் வாசிக்கவில்லை.

அடுத்தது அடுப்படியில் நடந்த சதி. ஈசாக்குக்குக் கண் மங்கிவிட்டது. இன்றோ நாளையோ என்று தாமே முடிவுகட்டிக்கொண்டு, வேட்டையாடிச் சமைத்துக் கொண்டுவா, சாப்பிட்டுவிட்டு ஆசீர்வதிக்கிறேன் என்று மூத்தவரை அனுப்பினார். (அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து 180 வயதில்தான் கண்மூடினார். இதுதான் எனக்குக் கடைசி கிறிஸ்துமஸ் என்று தாத்தா சொன்னதும் சொத்துப் பேச்சை எடுக்கிறவர்கள் கவனிக்க.) காதில் விழுந்தது ரெபெக்காளுக்கு. மந்தையிலிருந்து இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளைப் பிடித்து வரச் சொன்னார். ஒரு கிழவருக்கு இரண்டு குட்டி!

அப்போது யாக்கோபு என்ன சொன்னார்? அப்பாவை ஏமாற்றுவது பாவம் அம்மா என்றா? அண்ணன் உடம்பு ரோமக் காடு, என் உடம்பு வழவழ, தடவிப் பார்த்தால் மாட்டிக்கொள்வேனே என்றார். அம்மா அதற்கும் வழி வைத்திருந்தார். அண்ணனின் நல்ல உடுப்பு, கைக்கும் கழுத்துக்கும் ஆட்டுத்தோல். கிழவருக்குச் சந்தேகம்தான். இவ்வளவு சீக்கிரம் எப்படியப்பா வேட்டை கிடைத்தது என்று கேட்டார். உங்கள் கடவுள்தான் என் கைக்கு நேராகக் கொண்டுவந்து விட்டார் என்று கூசாமல் பதில் வந்தது.

ஆட்டுத்தோலைக்கூட மன்னித்துவிடலாம். இந்தப் பதிலைத்தான் மறக்க முடியவில்லை, ஏனென்றால் நம்முடைய சாட்சி நேரத்தில் பாதி இதுவாகத்தான் இருக்கிறது. பணம் கட்டி வாங்கிய வேலைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை. தங்கை கையெழுத்தை நைசாக வாங்கி எழுதிக்கொண்ட மனையில் வீடு கட்டி, வாசலில் கர்த்தர் தந்தது என்று கிரானைட்டில் எழுத்து. குட்டி எந்தத் தொழுவத்திலிருந்து வந்தது என்று தெரிந்தவர்களும் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஆமென் சொல்கிறார்கள்.

விஷயம் வெளியே வந்ததும் ஏசா கொலைவெறியில் நின்றார். அம்மா மகனை ஆரானில் இருக்கிற தன் சகோதரன் லாபான் வீட்டுக்கு அனுப்பினார். கொஞ்ச நாள்தான், கோபம் ஆறட்டும், கூப்பிடுகிறேன் என்றார். அந்தக் கொஞ்ச நாள் 20 வருஷமாயிற்று. தாயும் மகனும் மறுபடி முகம் பார்த்ததாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. ரெபெக்காளின் தாதி தெபோராள் இறந்ததைக்கூட எழுதியவர்கள், ரெபெக்காள் எப்போது போனார் என்று எழுதாமல் விட்டார்கள். செல்லப்பிள்ளைக்காகக் கிரிமினல் வேலை பார்க்கிற அம்மாக்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

போகிற வழியில் பெத்தேல். கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தவருக்கு ஏணிக் கனவு. தேசம் தருகிறேன், சந்ததி தருகிறேன், போகிற இடமெல்லாம் கூட இருப்பேன் என்று கடவுள் ஒரு நிபந்தனையும் போடாமல் சொன்னார். காலையில் எழுந்த யாக்கோபு நிபந்தனைகளை வரிசையாக அடுக்கினார்: நீர் கூட இருந்தால், சாப்பாடு போட்டால், துணிமணி கொடுத்தால், பத்திரமாக வீடு கொண்டுசேர்த்தால், நீர் என் கடவுள், பத்தில் ஒரு பங்கும் உமக்குத் தருகிறேன். தசமபாகப் பிரசங்கத்தில் இந்தக் கடைசித் துண்டு மட்டும் வரும், முன்னால் நிற்கிற நாலு 'ஆல்' வராது. பிற்பாடு அந்தப் பத்தில் ஒன்றைக் கட்டியதற்கு ஆதியாகமம் முழுக்கத் தேடினாலும் ரசீது கிடைக்காது.

வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு. லாபான் மாமா காத்திருந்தார். ராகேலுக்காக 7 வருஷம் கூலியில்லாத வேலை. கல்யாண ராத்திரி இருட்டில் உள்ளே வந்தது அக்கா லேயாள். விடிந்து பார்த்துவிட்டு மருமகன் குதித்தார். மாமா நிதானமாகச் சொன்னார்: எங்கள் ஊரில் மூத்தது இருக்க இளையதைக் கொடுக்கிற வழக்கம் இல்லை. யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! மூத்தவன் பங்கைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தவரிடம்! யாக்கோபு வாயைத் திறக்கவில்லை. இன்னொன்று: ராகேலுக்காக 14 வருஷம் காத்திருந்தார் என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருப்போம். அப்படியில்லை. ஒரு வாரத்திலேயே ராகேலையும் கட்டிவைத்தார்கள். இரண்டாவது 7 வருஷம் தவணை முறை.

பிறகு ஆடு மேய்த்த காலம். மாமா பத்துத் தடவை சம்பளத்தை மாற்றினாராம். மருமகன் மந்தை குடிக்கும் தொட்டியில் பட்டை உரித்த குச்சிகளை வைத்துப் புள்ளி ஆடுகளையும் வரி ஆடுகளையும் தன் பக்கம் பெருக்கிக்கொண்டார். கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு கிளம்பினார். லாபான் ஏழு நாள் துரத்திப் பிடித்தார். அவருக்கு ஆத்திரம் வீட்டுச் சுரூபங்களைக் காணோமே என்று. திருடியது மகள் ராகேல். ஒட்டகச் சேணத்துக்குள் திணித்து, மேலே உட்கார்ந்துகொண்டு, மாதவிலக்கு, எழுந்திருக்க முடியவில்லை அப்பா என்றாள். கூடாரம் முழுக்கத் தடவித் தேடியவர் அந்த ஒரு இடத்தை விட்டுவிட்டார்.

முடிவில் இருவரும் கல்லைக் குவித்து உடன்படிக்கை பண்ணினார்கள். அந்த இடம்தான் மிஸ்பா. வீட்டுக்குப் பெயராக வைக்கிறோம், பிரிகிறபோது அந்த வசனத்தைச் சொல்லிக் கண்கலங்குகிறோம். அங்கே நடந்தது என்னவென்றால், உன்னை நான் நம்பவில்லை, என்னை நீ நம்பவில்லை, நான் பார்க்காத நேரத்தில் என் மகள்களை நீ படுத்தினால் மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார், இந்தக் கல்லைத் தாண்டி நீயும் வராதே, நானும் வரமாட்டேன். இரண்டு பங்காளிகள் வரப்பில் கல் நட்ட கதை அது.

ஊர் நெருங்கியதும் செய்தி வந்தது: ஏசா 400 ஆட்களோடு எதிரே வருகிறார். யாக்கோபு ஜெபித்தார். ஜெபித்த கையோடு அண்ணனுக்குச் சீர்வரிசை பிரித்தார்: வெள்ளாடு 220, செம்மறி 220, கறவை ஒட்டகம் 30, மாடு 50, கழுதை 30. குட்டி ஒட்டகங்களைச் சேர்க்காமலே 550 உருப்படி. ஒவ்வொரு மந்தைக்கும் நடுவே இடைவெளி விட்டு, கோபம் தவணை தவணையாக இறங்கட்டும் என்று அனுப்பினார். அன்று ராத்திரி யாப்போக்கு ஆற்றங்கரையில் தனியாக இருந்தவரோடு ஒருவர் விடியும்வரை போராடினார். தொடைச்சந்து சுளுக்கியது. உன் பேர் என்ன என்ற கேள்வி வந்தது. முன்பு அப்பா, நீ யார் என்று கேட்டபோது ஏசா என்றவர், இந்தத் தடவை யாக்கோபு என்றார்.

பிரசங்கம் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். ஆள் மாறிவிட்டார், அல்லேலூயா. பைபிள் முடிக்கவில்லை. விடிந்ததும் நொண்டிக்கொண்டே போய் வரிசை அமைத்தார்: வேலைக்காரிகளும் அவர்கள் பிள்ளைகளும் முன்னால், லேயாளும் அவள் பிள்ளைகளும் அடுத்து, ராகேலும் அவள் மகன் யோசேப்பும் கடைசியில். அடி விழுந்தால் யாருக்கு முதலில் விழவேண்டும் என்று அப்பா போட்ட பட்டியலை எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏசாவோ ஓடிவந்து கட்டிப்பிடித்து, முத்தமிட்டு அழுதார். வா, சேர்ந்தே போகலாம் என்றார். நீங்கள் முன்னால் போங்கள் அண்ணா, சின்னப் பிள்ளைகள், பால்குடி மறக்காத குட்டிகள், மெதுவாக உங்கள் ஊர் சேயீருக்கு வந்து சேர்கிறேன் என்றார் தம்பி. அண்ணன் தலை மறைந்ததும் சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொண்டார். சேயீருக்குப் போன கதையே இல்லை.

அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் வளர்ந்து, யோசேப்பை விற்று, வெள்ளாட்டு ரத்தத்தில் அங்கியைத் தோய்த்து அப்பாவிடம் நீட்டினார்கள். ஆட்டுத்தோலால் அப்பாவை ஏமாற்றியவர் ஆட்டு ரத்தத்தைப் பார்த்து ஏமாந்தார். 130 வயதில் பார்வோன் முன்னால் நின்றபோது, என் நாட்கள் கொஞ்சம், அதுவும் கஷ்டமானவை என்று அவரே கணக்கை முடித்தார்.

கடவுள் அவரைக் கடைசிவரை கைவிடவில்லை. அவர் செய்ததற்கெல்லாம் 'சரி' என்று முத்திரை குத்திக் கொடுக்கவும் இல்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கிறது. நாம்தான் முதலாவதை மட்டும் வெட்டியெடுத்துக் காலண்டரில் போடுகிறோம். அண்ணன் தம்பி கோர்ட்டில் எதிரெதிரே நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் ராப்போஜனம் எடுக்கிற சபைகள் நமக்குத் தெரியாதவையா? யாக்கோபிடம் கற்றுக்கொள்ள இவ்வளவு போதும்: பேசாமல் இருக்கிற உடன்பிறப்புக்கு 550 உருப்படி அனுப்ப வேண்டாம், ஒரு போன் போடுங்கள். வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னால், தயவுசெய்து போங்கள்.