நூத்திப்பத்து குதிரையும் ஒரு பொத்தானும்

வாடா பேராண்டி. நீ தெருமுனை திரும்பறதுக்கு முன்னாடியே உன் கார் உறுமல் மல்லிநாதர் கோயில் வரைக்கும் வந்துடுச்சு. பார்சுவநாதருக்குத் தேர் இழுக்கிற அன்னிக்குக்கூட மேல்சித்தாமூர்ல இவ்ளோ சத்தம் கேட்டதில்லப்பா.

அந்த ஸ்போர்ட் பொத்தானத்தான அமுக்கிட்டு வந்த? மீட்டர்ல செவப்பு வெளிச்சம் வந்திருக்கும், உனக்கு மீசை துடிச்சிருக்கும். நூத்திப்பத்து குதிரை சக்தின்னு சொல்லி வாங்கினியே, பொத்தானை அமுக்கினதும் தேசிங்கு ராஜா குதிரையும் வந்து சேர்ந்துக்கும்னு நெனப்பா? அது 1714-லயே ஆற்காட்டு நவாபு படையோட மோதி முடிஞ்ச கதை. பெரும்பாலான வண்டில பொத்தான் போட்டாலும் அதே நூத்திப்பத்துதான். மின்சாரக் கார் சிலதுல மட்டும், சிக்கன மோட்ல கட்டி வச்ச சக்திய ஸ்போர்ட்ல முழுசா அவுத்து விடுவான்.

அப்ப என்னதான் மாறுதுன்னு கேளு. இப்பத்திக் கார்ல ஆக்சிலேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கேபிள் கிடையாது. உன் கால் எவ்ளோ அமுங்குதுன்னு கம்ப்யூட்டர் பாக்கும், எஞ்சினுக்கு எவ்ளோ குடுக்கலாம்னு அதுதான் முடிவு பண்ணும். சாதாரண மோட்ல கால் பங்கு மிதிச்சா அளந்து குடுக்கும். ஸ்போர்ட்ல அதே கால் பங்குக்கு அள்ளிக் குடுக்கும். முழுசா மிதிச்சுட்டீன்னா ரெண்டும் ஒண்ணுதான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டின்னா இன்னொண்ணு உண்டு. மேல் கியருக்குச் சீக்கிரம் போவாது, கீழ் கியரையே பிடிச்சுக்கிட்டு எஞ்சினை வேகமா சுத்த வச்சிருக்கும். அதான் அந்த உறுமல், அதான் பெட்ரோலுக்கும் கேடு. ஸ்டியரிங்கையும் கொஞ்சம் கனமாக்கி வைப்பான், கையில ஏதோ பெருசா பிடிச்சிருக்கோம்னு உனக்குத் தோணட்டும்னு. விலை கூடின வண்டில சஸ்பென்ஷனும் இறுகும். நம்ம ஊர் ரோட்டுப் பள்ளம் ஒவ்வொண்ணையும் உன் இடுப்பு எண்ணும்.

2017-ல டாடா நெக்ஸான்ல ஈகோ, சிட்டி, ஸ்போர்ட்னு மூணு மோட் வச்சான். 2021-ல மகிந்திராக்காரன் எக்ஸ்யூவி 700-க்கு ஜிப், ஜாப், ஜூம்னு பேரு வச்சான். பேரு வச்சவரு வீட்ல சின்னப் பசங்க இருந்திருக்கணும்.

வேணாம்னு நான் சொல்லலடா. திண்டிவனத்துலருந்து செஞ்சி ரோட்ல வர்ற, முன்னால கரும்பு ஏத்தின டிராக்டர் ஆடி ஆடிப் போவுது. எதிர்ல தூரம் வரைக்கும் ரோடு காலி. அப்ப அமுக்கு. சாதாரண மோட்ல நீ மிதிச்சப்பறம் கியர்பாக்ஸ் யோசிச்சு, ஒரு கியர் இறங்கி, டர்போ மூச்சு பிடிச்சு... அதுக்குள்ள எதிர்ப்பக்கம் பஸ்ஸே வந்துடும். ஸ்போர்ட்ல எஞ்சின் தயாரா இருக்கும். அடுத்தவன் பக்கத்துல நீ ஓடற நேரம் குறையும். தாண்டினதும் அணைச்சுடு. ஏற்காடோ, எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையோ ஏறினா அங்கயும் போடு, வளைவுக்கு வளைவு கியர் மாத்தித் தடுமாறாது. இறங்கறப்பவும் கீழ் கியர் பிடிச்சிருந்தா பிரேக்குக்குப் பாரம் குறையும். நம்ம செஞ்சிக் கோட்டை ராஜகிரிக்கு மட்டும் போட்டுப் பாக்காத. எண்ணூறு அடி ஒசரம், அங்க உன் காலு ரெண்டும்தான் எஞ்சின்.

ஜிஎஸ்டி ரோட்ல தொண்ணூறுல ஒரே சீரா வர்றவனுக்கு இது எதுக்கு? மழைல போடவே போடாத. லேசா மிதிச்சாலே வெடுக்குனு இழுக்கும், ஈர ரோட்ல டயர் வழுக்கும். வெள்ளிக்கிழமை செஞ்சி ஆட்டுச் சந்தைக்குள்ள போட்டீன்னா, நீ முந்தறதுக்கு ஆடுதான் இருக்கும். அதுவும் உன்ன முந்திடும்.

என்னாது? பொழுது சாயறதுக்குள்ள தாத்தா வீட்ல சாப்பிட்டாவணும், அதனாலதான் வேகமா வந்தியா? சமண நயினார் வீட்டுப் பிள்ளைன்னு காட்டிட்ட போ. அதுக்கு மெட்ராஸ்லருந்து அரை மணி முன்னாடி கெளம்பற பொத்தான் வேணும். விசாரிச்சுட்டேன், எந்தக் கம்பெனிக்காரனும் இன்னும் வைக்கலையாம்.