ஆஸ்திரியா கணக்கில் ஒரு பாட்டு

சென்னையில் எங்கள் சேர்ந்திசைக் குழு வருடா வருடம் நடத்தும் கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு இம்முறை ‘பல பண்பாடுகளின் கேரல்கள்’ என்று பெயர் வைத்தார்கள். ஆளுக்கொரு கறுப்பு ஃபைல், கறுப்பு உடை, குளிர்சாதன அரங்கம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் திரையில் அந்தந்த நாட்டுக் கொடி. ஒத்திகை செப்டம்பரிலேயே ஆரம்பம். வராதவர்களுக்கு ஆல்டோ தனியாக, டெனர் தனியாக வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவு வந்துவிடும். ‘மூச்சு எங்கே விட வேண்டும்’ என்பதற்குக்கூடப் பென்சிலில் குறி போட்டிருக்கிறோம்.

பாளையங்கோட்டையில் எழுபதுகளில் எங்களுக்கு மூச்சு விட யாரும் இடம் சொல்லித் தரவில்லை. கேரல் ரவுண்ட்ஸ் என்றால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கோயிலில் ஜெபம் பண்ணிவிட்டுப் புறப்பட்டு, விடிய விடிய வீடு வீடாகப் பாடுவது. ஆர்மோனியத்தைத் துண்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஒருவர் முன்னால் போவார். அவர் பக்கத்தில் பெட்ரோமாக்ஸ். பின்னால் டோலக், ஜால்ரா. பஞ்சுத் தாடியும் அட்டை முகமூடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா; அவரைப் பார்த்துக் குரைக்க ஊர் நாய்கள் அத்தனையும். முதல் தெருவில் எடுத்த சுருதி மூன்றாவது தெருவுக்குள் இரண்டு கட்டை ஏறியிருக்கும். “ஏ பிள்ளேளா, நல்லா சத்தமாப் படிங்க, தாத்தாக்குக் காது கேக்காது” என்று வாசலில் நின்று ஆச்சி சொல்வாள். அதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே இசைப் பயிற்சி. பாட்டு முடிந்ததும் உபதேசியார் ஜெபம், காணிக்கைக் கவர், சுக்குக் காப்பி, முந்திரிக்கொத்து. எந்த வீட்டில் முந்திரிக்கொத்து, எந்த வீட்டில் வெறும் பிஸ்கட் என்பது எங்கள் டெனர்களுக்கு மனப்பாடம். பாட்டு வரி அவ்வளவு மனப்பாடமில்லை.

இது எத்தனை நாட்டுச் சரக்கு என்று அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஆர்மோனியம் 1842-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கியது. பிறகு கல்கத்தாவில் கால் மிதியை இழந்து, கைத்துருத்தி பெற்று, எங்கள் கழுத்துக்கு வந்து சேர்ந்தது. பெட்ரோமாக்ஸ் பெர்லின் சரக்கு. ‘சைலண்ட் நைட்’ ஜோசப் மோர் என்ற பாதிரியார் எழுதி, பள்ளி ஆசிரியர் ஃப்ரான்ஸ் க்ரூபர் மெட்டமைத்து, 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் ஆஸ்திரியாவில் ஓபெர்ன்டார்ஃப் கோயிலில் கிதாரோடு பாடியது. அதைத் தமிழில், டோலக் அடித்துப் பாடினோம். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ 1857-ல் ஓர் அமெரிக்கர் வெளியிட்டது. அதில் இயேசுவும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை, பனியில் வண்டி ஓட்டும் குஷி மட்டும்தான். தலையில் துண்டைக் கட்டினால் அதுதான் கடுங்குளிர் என்றிருந்த ஊரில் அதையும் பக்தியோடு பாடினோம்.

இதற்கெல்லாம் நடுவில் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்று வரும். அவர் 1774-ல் எங்கள் திருநெல்வேலியில் பிறந்தவர். தஞ்சாவூரில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். பின்னாளில் மராட்டிய மன்னரான சரபோஜியுடன் படித்தவர். பெத்லகேமுக்கே ஒரு குறத்தியை வரவழைத்து, குறி சொல்லவைத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். பல பண்பாடுகளின் சங்கமம் என்று அவருக்கு யாரும் கொடி காட்டியதாகத் தெரியவில்லை.

இப்போது கொடி காட்டுகிறார்கள். ஆஸ்திரியாவுக்கு ஒன்று, நைஜீரியாவுக்கு ஒன்று, போர்ட்டோ ரிக்கோவுக்கு ஒன்று. உக்ரைன் முறை வந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘கேரல் ஆஃப் த பெல்ஸ்’ என்று உலகம் முழுக்கப் பாடும் அந்தப் பாட்டு, மைக்கோலா லியொன்டோவிச் நாட்டுப்புற மெட்டு ஒன்றிலிருந்து உருவாக்கியது. 1916-ல் கீவ் நகரில் முதலில் அரங்கேறியது. நாலே ஸ்வரம், அதுவே திரும்பத் திரும்பச் சுற்றும். மணியோசை பற்றிய ஆங்கில வரிகள் 1936-ல் அமெரிக்காவில் ஒட்டவைத்தவை. மூலப் பாட்டில் மணியே கிடையாது. புத்தாண்டுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுவது அது. ஒரு குருவி பறந்து வந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ‘வெளியே வந்து பாரும், ஆடு குட்டி போட்டிருக்கிறது, உமக்கு நல்ல வரும்படி’ என்கிறது. கையில் குடுகுடுப்பை இல்லாததுதான் பாக்கி.

இங்கிலாந்துக்காரர் பாட்டும் அதே ரகம். ‘வி விஷ் யூ எ மெர்ரி கிறிஸ்துமஸ்’ வாழ்த்தில் தொடங்கி, புட்டிங் கொண்டு வா, தராமல் நகர மாட்டோம் என்று முடிகிற பாட்டு. பிஸ்கட் வீட்டு வாசலில் நாங்கள் வாய்விட்டுச் சொல்லாததை அவர்கள் பாட்டாகவே கட்டிவிட்டிருக்கிறார்கள். ஆக, கொடி கொடியாக நாங்கள் பிரித்து வைத்தவற்றில் பல, வாசலில் நின்று வாழ்த்திவிட்டுத் தின்பதற்குக் கேட்கும் பாட்டுகள். அவற்றை வாசலே இல்லாத அரங்கத்தில், டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு, அதட்டல் துளியும் இல்லாமல் பாடுகிறோம். உக்ரைன் பாட்டுக்கு எங்கள் இசை நடத்துநர் சொன்ன குறிப்பு: “பனி விழுகிற மாதிரி பாடுங்க.” குருவி கூப்பிடுகிற மாதிரி என்று சொல்லியிருக்கலாம்.

இந்தியாவின் முறையும் வந்தது. கறுப்பு உடைமேல் ஆளுக்கொரு சரிகைத் துண்டு போட்டுக்கொண்டோம். திரையில் மாட்டுவண்டி. அரண்மனைக்காரரோடு படித்த சாஸ்திரியாரின் கீர்த்தனையை, ‘கிராமத்து எளிய மெட்டு’ என்று தொகுப்பாளர் அறிமுகம் செய்தார். தமிழ் வாசிக்காத பாதிப் பேருக்காக வரிகளை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். ழகரம் வந்த இடங்களில் நாலு குரலும் நாலு திசைக்குப் போயிற்று. நல்ல கைதட்டல். “உங்க ஃபோக் ஐட்டம் பிரமாதம்” என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் வந்து கையைக் குலுக்கினார்.

பழசை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. பாளையங்கோட்டை ரவுண்ட்ஸில் பெண்பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. கோயிலுக்குள் எங்களைவிடச் சுத்தமாகப் பாடிய அக்காமார், நாங்கள் அபசுரமாகப் பாடிக்கொண்டு வரும்வரை தூங்காமல் இருந்து காப்பி போட்டார்கள். இன்று எங்கள் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள், நடத்துபவரும் பெண். சுருதி இரண்டு கட்டை ஏறினால் அவர் பார்க்கிற பார்வையில் தானே இறங்கிவிடும். காதுக்கு இதமான கச்சேரி எது என்று கேட்டால் நான் ஆச்சி வீட்டு வாசலைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் போன வாரம் அடுத்த வருடத்துக்கான கமிட்டி கூடியது. இந்தியா சார்பில் என்ன பாடலாம் என்று கேட்டார்கள். சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டு, தமிழ் ‘சைலண்ட் நைட்’ பாடலாமே என்றேன். “அது ஆஸ்திரியா ஆச்சே சார், நம்ம கலாச்சாரம் இல்லையே” என்றார் செயலாளர். சரி, ஆஸ்திரியா கணக்கிலேயே வையுங்கள், பாடுவது மட்டும் தமிழில், டோலக்கோடு பாடுகிறோம் என்றேன். அப்படியென்றால் எந்தக் கொடியைப் போடுவது என்று தெரியவில்லையாம். விஷயம் கமிட்டியின் பரிசீலனையில் இருக்கிறது.