முப்பது கேபி மயில்கழுத்து

2000ஆம் ஆண்டு வாக்கில், சென்னையில் வெப் டிசைனர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு திரிந்தபோது, வாடிக்கையாளர்கள் மத்தியில் எனக்குக் கஞ்சன் என்று பெயர். காசு விஷயத்தில் அல்ல, அதில் யார் வேண்டுமானாலும் என்னிடம் பேரம் பேசி ஜெயிக்கலாம். படத்தின் எடையில்தான் நான் பிசினாறி. ஒரு படத்துக்கு முப்பது கேபி. முகப்புப் பக்கம் எழுத்தும் படமுமாகச் சேர்த்து அறுபது கேபி. அதற்கு மேல் யார் கேட்டாலும் முகத்தைச் சுளிப்பேன்.

கணக்கு சின்னது. 28.8 மோடம் நல்ல மனநிலையில் இருந்தால் நொடிக்கு மூன்று கேபி இழுக்கும். முப்பது கேபி என்றால் பத்து நொடி. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் பத்து நொடி பொறுப்பார். அதைத் தாண்டினால் பக்கத்து விண்டோவில் யாஹூ சாட்டுக்குப் போய்விடுவார். 1999இல் வந்த ஃபோட்டோஷாப் 5.5 இந்தக் கணக்கை நமக்காகப் போட்டுக் காட்டியது. 'சேவ் ஃபார் வெப்' என்று ஒரு கட்டம் திறக்கும். படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இத்தனை கேபி, இந்த மோடத்தில் இத்தனை நொடி என்று இருக்கும். தரத்தை 60இலிருந்து 45க்கு இழுத்தால் நொடி இறங்கும். முகத்தில் சொறி பிடித்த மாதிரி கட்டங்கள் ஏறும். நான் படத்தைப் பார்த்ததைவிட அந்தப் பொடி எழுத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

இதையே சொகுசு என்று நினைத்த காலம் அது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15இல், வி.எஸ்.என்.எல். வழியாகத்தான். அதில் ஷெல் கணக்கு என்று மலிவாக ஒன்று உண்டு. எழுத்து மட்டும் வரும், படம் வரவே வராது. படத்தின் எடையைக் குறைத்துக் கொடுக்கும் இன்றைய கிளவுட் சேவைகளில் அதை மிஞ்சிய ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடைக்குத் தளம் செய்யப் போனேன். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் கல்யாணச் சேலையை அங்கிருந்தே பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் முதலாளியின் தேவை. ஸ்டூடியோக்காரர் எடுத்த பிரிண்ட்களை ஸ்கேனரில் வைத்து ஏற்றினேன். முதல் சேலை மயில்கழுத்து. பாவு நீலம், ஊடை பச்சை. கையில் பிடித்துத் திருப்பினால் நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். அந்த நிறத்துக்காகவே கடைக்கு வருகிறவர்கள் உண்டு.

அன்றைய பல கணினிகள் 256 நிறம்தான் காட்டும். அதிலும் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஒரே மாதிரி வரும் என்று நம்பக்கூடியவை 216. இந்த 216இல் மயில்கழுத்து கிடையாது. ஜிஃப்பில் எடையைக் குறைக்க நிறங்களை முப்பத்திரண்டாக வெட்டினேன். மிஞ்சிய நிறங்களைப் புள்ளி புள்ளியாகத் தூவி மென்பொருள் சமாளித்தது. முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மானிட்டருக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"இது மயில்கழுத்து இல்ல தம்பி. மயிலு செத்துப்போச்சு."

"ஜேபெக்ல போட்டா கலர் வரும் ஐயா. ஆனா ஜரிகை ஓரத்துல அழுக்கு படிஞ்ச மாதிரி தெரியும்."

"அழுக்கா? பட்டுலயா?"

ஜேபெக் 1992இல் உறுதியான ஏற்பாடு. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மிக நுணுக்கமான ஏற்ற இறக்கங்களை முதலில் தூக்கி எறியும். நிறத் தகவலைப் பெரும்பாலும் பாதி அகலம், பாதி உயரத்துக்குச் சுருக்கிவிடும். வெளிச்சத்தின் வேறுபாட்டைக் கவனிக்கும் அளவுக்கு மனிதக் கண் நிறத்தின் நுணுக்கத்தைக் கவனிக்காது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். பொதுவாக உண்மைதான். ஆனால் மெல்லிய ஜரிகைக் கோட்டையும் அதை ஒட்டிய அரக்கு நிறத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய கண்ணை வைத்து அதைச் சோதித்திருக்கமாட்டார்கள்.

கடைசியில் சேலைப் படத்தைத் துண்டாக வெட்டினேன்: உடலுக்கு ஒரு தரம், கரைக்கு ஒரு தரம், எல்லாவற்றையும் எச்.டி.எம்.எல். டேபிளுக்குள் ஒட்டவைத்துச் சேர்ப்பது. பட்டை வெட்டுகிறேன் என்ற சொல்லே முதலாளிக்குப் பிடிக்கவில்லை. அது போதாதென்று அன்றைய நெட்ஸ்கேப் பிரவுசரில் 'லோ சோர்ஸ்' என்று ஒரு வசதி இருந்தது. முதலில் இரண்டு கேபியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சட்டென்று வந்து இடத்தைப் பிடிக்கும். பின்னால் அசல் படம் மெதுவாக வந்து அதன் மேல் படியும். எனக்கு இதில் ரொம்பப் பெருமை. அவர் கேட்டார், "முதல்ல எதுக்கு கறுப்பு வெள்ளை வருது, எழவுச் சேதியா?"

எப்படியோ தளம் முடிந்தது. மொத்தமும் 1.44 எம்பி ஃப்ளாப்பி ஒன்றில் அடங்கியது. பக்கத்தின் அடியில் '800க்கு 600 திரையில் பார்க்கச் சிறந்தது' என்று எழுதி வைத்தேன். கட்டணத்தை மூன்று தவணையாக வாங்கினேன், கடைசித் தவணை சேலையாக வந்தது.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு காலம் உண்டு, அதை யாரும் நினைப்பதில்லை. 2006இல் ஓப்பரா மினி என்ற மொபைல் பிரவுசர் உலகம் முழுக்க வந்தது. பட்டன் வைத்த நோக்கியாவில் தளத்தைத் திறந்தால், பக்கம் முதலில் ஓப்பராவின் சர்வருக்குப் போய் அங்கே சுருங்கி நம் கைக்கு வரும். படத்தின் தரம் குறைவா, நடுத்தரமா, உயர்வா என்று நாமே சொல்லலாம். காசு போவது படிப்பவனுக்கு, அதனால் கத்தரிக்கோலும் படிப்பவன் கையில். நியாயமான ஏற்பாடு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

2016 செப்டம்பரில் மலிவான டேட்டாவோடு ஜியோ வந்தது. அதன்பின் கேபி என்ற சொல்லே வாயில் வராமல் போயிற்று.

இப்போது கடையைப் பார்ப்பது முதலாளியின் மகன். பெரியவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து பார்வை முன்பைவிடத் துல்லியம். மகன் போனிலேயே படம் எடுக்கிறார். ஒவ்வொன்றும் ஐந்து எம்பி, ஆறு எம்பி. எடுத்த கையோடு அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறார். நான் பார்த்தபோது முகப்புப் பக்கம் மட்டும் நாற்பது எம்பி. இருபத்தெட்டு ஃப்ளாப்பி என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

"கூகுள்ல செவப்பு காட்டுது அங்கிள்," என்றார். "எல்லார்கிட்டயும் 5ஜி இருக்கே, அப்புறம் ஏன்?"

சிவப்பு காட்டியது கூகுளின் வேகச் சோதனை. பக்கத்தின் மிகப் பெரிய அங்கம், பெரும்பாலும் அது ஒரு படம், இரண்டரை நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது அதன் அளவுகோல். 28.8 மோடத்தைவிட ஆயிரம் மடங்கு அகலமான இணைப்பு இன்று சாதாரணம். ஆனாலும் அன்று பத்து நொடி மரியாதை, இன்று இரண்டரை நொடிக்கு மேல் குற்றம். குழாய் ஆயிரம் மடங்கு அகலமாயிற்று, நாம் அனுப்பும் சேலையும் கூடவே குண்டாகிவிட்டது.

மகன் ஏற்கெனவே தீர்வு விசாரித்து வைத்திருந்தார். கிளவுடினரி, இமேஜிக்ஸ், கிளவுட்ஃப்ளேர், இந்தியாவில் தொடங்கிய இமேஜ்கிட் என்று இந்தத் தொழிலில் இன்று கடைகள் ஏராளம். வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆறு எம்பி அசலை அவர்கள் சேமிப்பில் போட்டுவிட வேண்டும். படத்தின் முகவரிக்குள்ளேயே 'அகலம் 400, தரம் நீயே பார்த்துக்கொள், வடிவம் நீயே முடிவு செய்' என்று எழுதிவிடலாம். கேட்கும் பிரவுசர் தனக்கு எந்தெந்த வடிவம் ஒத்துக்கொள்ளும் என்று கேட்கும்போதே சொல்லிவிடுகிறது. புதியதற்கு 2019இல் வந்த ஏவிஃப், கொஞ்சம் பழையதற்கு 2010இல் கூகுள் கொண்டுவந்த வெப்பி, வயதானவற்றுக்கு அதே 1992 ஜேபெக். முதலில் ஒருவர் கேட்கும்போது சேவை அதைச் செய்து, பார்ப்பவருக்குப் பக்கத்து ஊர் சர்வரில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். அடுத்தவருக்கு அங்கிருந்தே கொடுக்கும். காஞ்சிபுரத்தில் எடுத்த படம் கடல் கடந்து போய், இளைத்து, எழுபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் சென்னைக்குத் திரும்பி வருகிறது.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். ஆறு எம்பி சேலை போன் திரைக்கு நூறு கேபிக்குள் வந்தது. மயில்கழுத்து மயில்கழுத்தாகவே இருந்தது. நான் இரவெல்லாம் உட்கார்ந்து செய்ததை இயந்திரம் நொடிக்குள் செய்கிறது, என்னைவிட நன்றாகவும் செய்கிறது.

வில்லங்கம் வேறு இடத்தில் வந்தது. பட்டியல் பக்கத்தில் எல்லாப் படமும் சதுரமாக வேண்டும் என்று மகன் தானியங்கி வெட்டலைப் போட்டிருந்தார். படத்தில் முக்கியமானது எது என்று இயந்திரமே கண்டுபிடித்து அதைச் சுற்றி வெட்டும் வசதி. மனித முகம்தான் முக்கியம் என்பது அதன் கட்சி. மறுநாள் தளத்தைத் திறந்தால் சேலைகள் இல்லை; வரிசை வரிசையாகச் சிரித்த முகங்கள். முந்தானை போயிற்று, கரை போயிற்று, தோளில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டு தெரிந்தது. கீழே முப்பத்தையாயிரம் ரூபாய் என்று விலை வேறு. பெரியவர் போனை வாங்கிப் பார்த்தார்.

"என்னடா இது, பொண்ணு பாக்குற எடமா?"

முகம் தேடுவதை நிறுத்தச் சொல்லி ஒரு சொல்லை மாற்றினோம், சேலை திரும்பி வந்தது. அன்றைக்கே மகன் இன்னொன்றையும் காட்டினார். "இது புதுசு அங்கிள். அசல் வர்ற வரைக்கும் சின்னதா மங்கலா ஒரு படம் வந்து நிக்கும்." லோ சோர்ஸேதான், பெயரும் விலையும் மட்டும் வேறு. நான் எதுவும் சொல்வதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்: "அன்னைக்கு கறுப்பு வெள்ளை, இன்னைக்கு மங்கல். சேலையை எப்பதான்டா காட்டுவீங்க?"

மாத முடிவில் பில் வந்தது, டாலரில். இலவச அளவு இரண்டாம் வாரத்திலேயே தீர்ந்திருந்தது. மகன் எடுத்த திட்டத்தில் ஒவ்வொரு உருமாற்றத்துக்கும் கணக்கு. ஒரு சேலைக்கு எட்டு அகலம், ஒவ்வொன்றுக்கும் மூன்று வடிவம் என்றால் இருபத்துநான்கு பிரதி. முகூர்த்த மாதத்தில் கூட்டம் சேர்ந்தால் அதற்குத் தனிக் கணக்கு. நான் கஞ்சத்தனம் செய்தபோது திட்டு வாங்கினேன், அதே கஞ்சத்தனத்துக்கு இப்போது மாதச் சந்தா.

பில்லைக் குறைக்க நாங்கள் செய்தது இரண்டே காரியம். எட்டு அகலத்தை மூன்றாக்கினோம். படங்களை ஏற்றுவதற்கு முன்பே 4000 பிக்சல் அகலத்திலிருந்து 2000க்குக் கொண்டுவந்தோம். பிக்சல் எண்ணிக்கை கால்வாசியானது, எடையும் ஏறக்குறைய அந்த அளவுக்கு விழுந்தது. இதற்குக் கூகுள் 2018இல் வெளியிட்ட ஸ்கூஷ் போதும். பிரவுசரிலேயே ஓடும், படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. ஒரு பக்கம் அசல், மறுபக்கம் இளைத்தது, நடுவில் இழுத்துப் பார்க்க ஒரு கோடு, அடியில் எத்தனை கேபி என்ற அதே பொடி எழுத்து. அடுத்த மாதம் இலவச அளவுக்குள்ளேயே கடை ஓடியது.

கிளவுட் சேவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை; ஆயிரக்கணக்கில் படம் இருந்தால் கையால் முடியாது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை, ஊருக்குப் போகும் ரயிலில் செங்கல்பட்டைத் தாண்டியபின் உங்கள் தளத்தை உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள்.