இருட்டில் தெரியாத கைகள்

மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்கிறோமே, அந்த மகேசனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள் பழைய ஏதென்ஸ்காரர்கள். எம்.எல்.ஏ., எம்.பி. எதுவும் கிடையாது, ஊரே குன்றின்மேல் கூடிக் கை தூக்கும். ஊர் என்றால் ஆம்பளை ஊர். பெண்களும் அடிமைகளும் வேலை பார்த்தால்தானே ஐயாமார் குன்றேறி ஜனநாயகம் பார்க்க முடியும்!

கி.மு. 406. ஆர்கினூசே தீவுகளருகே கடற்போர். ஸ்பார்ட்டா தரப்பில் சுமார் 70 கப்பல்கள் காலி. ஏதென்ஸுக்குப் போனது 25. ஜெயித்த தளபதிகளுக்கு மாலை போட வேண்டியதுதானே? வழக்குப் போட்டார்கள். உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களைப் புயலில் மீட்காமல் விட்டுவிட்டார்களாம்.

குற்றம் சாட்டியவர் தெராமனீஸ். மீட்கும் வேலையே அவரிடம்தான் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதனாலென்ன? முந்தினால் வாதி, பிந்தினால் பிரதிவாதி.

தளபதிகள் புயலைக் காரணம் காட்டினார்கள். சபை இளகியது. விடுதலைக்குக் கை தூக்கப் போகும் நேரம் பார்த்துப் பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டில் கைகள் தெரியாது என்று தள்ளிவைத்துக் கலைந்தார்கள். நாலு தீவட்டி இல்லாமல் ஆறு தலை போன கதை இது.

இடையில் ஒரு திருவிழா. அது முடிந்ததும் மொட்டைத் தலையும் கறுப்புத் துணியுமாக ஒரு கும்பல் சபைக்கு வந்தது. செத்தவர்களின் சொந்தக்காரர்களாம். தெராமனீஸ் தரப்பு செட்டப் செய்த ஆட்கள் என்கிறார் வரலாறு எழுதிய செனபோன். கூலிக்கு மாரடிப்பது நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று இனி யாரும் பெருமைப்பட வேண்டாம். மாவுப் பீப்பாயைப் பிடித்து மிதந்து தப்பியதாக ஒருவன் சொல்ல, சபை உச்சுக்கொட்டியது.

எட்டுத் தளபதிகளுக்கும் சேர்த்து ஒரே ஓட்டு என்றார் கல்லிக்சீனஸ் என்பவர். அது சட்டவிரோதம் என்று சிலர் எழுந்தார்கள். ஜனங்கள் நினைத்ததைத் தடுக்க இவர்கள் யார் என்று கூட்டம் கத்தியது. உங்களையும் அதே ஓட்டில் சேர்த்துவிடுவோம் என்றதும் சட்டம் உட்கார்ந்துகொண்டது. சபையை நடத்தும் குழுவிலிருந்த சாக்ரடீஸ் மட்டும் முடியாது என்றார். யார் கேட்டது? முன்பே ஓடிப்போன இருவர் பிழைத்தார்கள். சட்டத்தை நம்பி ஊர் திரும்பிய ஆறு பேர் செத்தார்கள்.

கொஞ்ச நாளில் ஊர் மூக்கைச் சிந்தியது. தப்பு யார்மேல்? மக்களை ஏமாற்றியவர்கள்மேல் என்று மக்களே முடிவெடுத்தார்கள். கல்லிக்சீனஸ்மேல் வழக்கு. மகேசன் வழக்கம்போல் நிரபராதி.

மறு வருஷமே ஈகோஸ்பொட்டாமியில் ஏதென்ஸ் கடற்படை ஏறக்குறைய மொத்தமாகப் பறிபோனது. ஜெயிக்கத் தெரிந்த தளபதிகள் எங்கே என்று தேடியிருப்பார்கள். அவர்களுக்கு எதிரான ஓட்டை எண்ணிய அன்றைக்குப் பார்த்துத்தான் இருட்டவில்லையே!