பேராண்டிக்கு மீ.பெ.கா. வகுப்பு

வாடா கணக்குப் புலி. சிப்காட்ல பி ஷிப்ட் முடிச்சு, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, கை காலு கூடக் கழுவாம ராத்திரி பதினோரு மணிக்குக் குரூப் 4 கைடைத் தூக்கிட்டுத் திண்ணைக்கு வந்துட்டியே, ஆர்வத்தை மெச்சிக்கிறேன். ஆனா நீ கணக்குப் போடற அழகைப் பார்த்தாத்தான் வயித்தைக் கலக்குது. 'மீப்பெரு பொதுக் காரணி'ன்னு கண்ணுல பட்டதும் காரணி மரம் வரைய ஆரம்பிச்சிடறே. பக்கம் முழுக்க மரம். வனக் காப்பாளர் வேலைக்கும் இதே பரீட்சைதான், ஒத்துக்கறேன். அதுக்காக விடைத்தாள்லயே காடு வளர்க்கணுமா?

200 கேள்வி, 3 மணி நேரம். கேள்விக்கு 54 விநாடிதான் தேறும். கணக்கும் மனத்திறனும் சேர்ந்து 25 கேள்வி, ஒண்ணுக்கு ஒன்றரை மார்க். அந்த 54 விநாடியில 391-க்கும் 323-க்கும் மரம் வரைஞ்சு பாரு. ரெண்டுல போகாது, மூணுல போகாது, அஞ்சுல போகாது, ஏழுலயும் போகாது. நீ பதினொண்ணு, பதிமூணுன்னு தட்டித் தடவிப் போறதுக்குள்ள பக்கத்து பெஞ்சுக்காரி நாலு கேள்வி தாண்டியிருப்பா.

பெரிசுல இருந்து சின்னதைக் கழிடா. 391-ல 323 போனா 68. ரெண்டு எண்ணையும் மீதியில்லாம வகுக்கிறது எதுவோ, அது அதுங்களோட வித்தியாசத்தையும் வகுத்தே ஆகணும். இப்போ விடைங்களைப் பாரு: 13, 17, 19, 23. 68-ஐ வகுக்கிறது எது? 17 மட்டும்தான். வட்டத்தைக் கருப்பாக்கிட்டு நடையைக் கட்டு. 'விடைங்களைப் பார்த்துப் போடறது மோசடியாச்சே தாத்தா'ங்கறியா? பார்க்கக் கூடாதுன்னா அவங்க ஏன்டா அச்சடிச்சுக் குடுக்கறாங்க?

விடை குடுக்கலைன்னாலும் பயமில்லை. 323-ஐ 68-ஆல வகுத்தா மீதி 51. 68-ஐ 51-ஆல வகுத்தா மீதி 17. 51-ஐ 17-ஆல வகுத்தா மீதி ஒண்ணுமில்லை. கடைசியா வகுத்த 17-தான் ஆளு. இது நான் திண்ணையில உட்கார்ந்து கண்டுபிடிச்சதில்லை. கிறிஸ்துவுக்கு 300 வருசம் முந்தி யூக்ளிட்ங்கற கிரேக்கத்துக்காரர் தன் நூலோட ஏழாம் பாகத்துல எழுதி வெச்சது. நம்ம ஆரியபட்டரும் 499-ல இதே மாதிரி மாத்தி மாத்தி வகுத்துத்தான் மீதிக் கணக்குக்கு வழி சொன்னாரு. உன் பத்தாங்கிளாஸ் புக்குல ரெண்டாவது பாடத்துலயே இருக்கு. அந்தப் பக்கத்தைத்தான் நீ மடிச்சுக் கப்பல் விட்டியோ என்னவோ.

சரி, வகுக்கத் தெரிஞ்சா மட்டும் போதுமா? கேள்வி கேக்கறவனோட குசும்பும் தெரியணும். 8 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளம், 5 மீட்டர் 25 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு ஹால். ஒரே அளவு சதுரக் கல்லா, வெட்டாம உடைக்காமப் பதிக்கணும். குறைஞ்சபட்சம் எத்தனை கல்லு வேணும்? போன வாரம் இந்தக் கேள்விக்கு நீ என்ன பண்ணினே? 'குறைஞ்சபட்சம்'ங்கற வார்த்தையைப் பிடிச்சிக்கிட்டு மீச்சிறு பொது மடங்குக்கு ஓடினே. 4200 வந்துச்சு. அதாவது 42 மீட்டர் கல்லு. எட்டரை மீட்டர் கூட இல்லாத ஹாலுக்குள்ள அதை எப்படிடா நுழைப்பே? கிரானைட்டுக்குப் பேர் போன கிருஷ்ணகிரி ஜில்லாவுல பொறந்துட்டு இப்படி ஒரு கல்லைக் கேட்டா, குவாரிக்காரன் உன்னையே அறுத்துப் பாலிஷ் போட்டுடுவான்.

கல்லு கம்மியாகணும்னா ஒவ்வொரு கல்லும் பெரிசாகணும். அவ்வளவுதான் சூட்சுமம். 840-ஐயும் 525-ஐயும் வகுக்கிற ஆகப் பெரிய எண்ணு 105. நீளத்துக்கு 8, அகலத்துக்கு 5, ஆக 40 கல்லு. கேள்வியில 'குறைஞ்சபட்சம்'னு இருந்துச்சு, நாம போட்டது மீப்பெரு. வார்த்தையை நம்பாதே, வேலையைப் பாரு. இருக்கிறதைச் சமமாக் கூறு போடற வேலையா? மீ.பெ.கா. தனித்தனியா ஓடறது எப்போ ஒண்ணு சேரும்ங்கறதா? மீ.சி.ம.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுல 12 நிமிசத்துக்கு ஒரு வண்டி, 18-க்கு ஒண்ணு, 30-க்கு ஒண்ணு. மூணும் காலையில ஆறு மணிக்கு ஒண்ணாக் கிளம்பினா அடுத்து எப்போ? நீ பாட்டுக்கு மீ.பெ.கா. போட்டு '6 நிமிசம்'னு எழுதிடாதே. அந்த நேரத்துல டிரைவருங்க டீ கூடக் குடிச்சிருக்க மாட்டாங்க. 180 நிமிசம் ஆகும். ஒன்பது மணி.

இந்தக் கணக்கெல்லாம் பரீட்சையோட சரின்னு நினைக்காதே. 1980-ல லேலண்டு வந்ததுல இருந்து இந்த ஊரு பல்சக்கரத்தோடதான் சுத்துது. 12 பல்லுச் சக்கரம் 40 பல்லுச் சக்கரத்தோட கோத்தா, ரெண்டுக்கும் மீ.பெ.கா. 4. சின்னதுல இருக்கிற ஒரு பல்லு, பெரிசுல 10 பல்லை மட்டும்தான் திரும்பத் திரும்பக் கடிக்கும். ஒண்ணுல நொறுங்கல் இருந்தா அந்தப் பத்துமே பாழு. 12-ஐ 13 ஆக்கிட்டா மீ.பெ.கா. 1; 40 பல்லையும் முறை வெச்சுத் தொடும், தேய்மானம் எல்லாத்துக்கும் பரவிடும். பல்லு எண்ணிக்கையை வைக்கும்போது விவரமான ஆளுங்க இதையும் பார்ப்பாங்க. நீ நாள் பூரா அந்தச் சத்தத்துலயே நிக்கறவன், ஒரு தரமாவது பல்லை எண்ணிப் பார்த்திருக்கியா?

இன்னும் ரெண்டு கண்ணி இருக்கு. 45, 87, 171 மூணையும் வகுத்தா ஒரே மீதி வரணும், மிகப்பெரிய எண் எதுன்னு கேப்பான். மீதி எவ்வளவுன்னு சொல்ல மாட்டான். கழிச்சுப் போடு: 42, 84, 126. மூணுக்கும் பொது 42. மீதி 3-ன்னு தானா வந்து நிக்கும். இன்னொண்ணு, மீ.பெ.கா.வையும் மீ.சி.ம.வையும் பெருக்கினா எண்களோட பெருக்கல் வரும்ங்கறது. அது பொதுவா ரெண்டு எண்ணுக்குத்தான். 2, 4, 8 எடுத்துப் பாரு. பெருக்கினா 64. அங்கே மீ.பெ.கா. 2-ஐயும் மீ.சி.ம. 8-ஐயும் பெருக்கினா 16. மூணு எண்ணைக் குடுத்து உன்னை இழுப்பான், போய் விழுந்துடாதே.

தப்பு விடைக்கு மார்க் கழிக்கிறதில்லை. அதனால 'விடை தெரியவில்லை'ங்கற அஞ்சாவது வட்டத்துல போய்ப் பவ்யமா உட்காராதே. கழிச்சுப் பார்த்தும் ஒண்ணும் புரியலைன்னா, வித்தியாசத்தை வகுக்காத விடைங்களை அடிச்சிட்டு மிச்சத்துல ஒண்ணைத் தொடு. கைடு மேல கைடா வாங்காதே. டிஎன்பிஎஸ்சி சைட்ல பழைய கேள்வித்தாளு கிடக்கு, கிருஷ்ணகிரி வேலைவாய்ப்பு ஆபீஸ்ல வகுப்பே இலவசமா நடத்தறாங்க. நாளைக்கும் பி ஷிப்ட்தானே, மத்தியானம் வரைக்கும் சும்மாதான் இருப்பே. பத்து மீ.பெ.கா. கணக்கு எனக்குப் போட்டுக் காட்டணும். நோட்டுல ஒரு மரம் முளைச்சிருந்தாலும் உனக்கு ராகிக் களி கிடையாது, சொல்லிட்டேன்.